அந்த இரண்டு மதிப்பெண்கள்

கேள்வி: எனக்கு வயது 34, கணக்குத் தணிக்கைப் பணியில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். மகப்பேறு விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது, நான் கவனித்துவந்த பெரிய வாடிக்கையாளர்களை, என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், எனக்குப் பின்னால் சேர்ந்த, திருமணமாகாத ஒரு பெண்ணிடம் ஒப்படைத்திருந்தார்கள். "உங்களுக்கு எதற்குச் சிரமம்?" என்றார் மேலாளர். பதவி உயர்வும் அவளுக்கே போயிற்று. அவள் இரவு 9 மணிவரை இருக்கையில் இருப்பது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. மகள் தூங்கிய பிறகு 11 மணிக்கு நான் மடிக்கணினியைத் திறப்பது யாருக்குத் தெரியும்? இந்த இரண்டு ஆண்டுகளில் ஓர் அறிக்கையைக்கூட நான் தாமதமாகக் கொடுத்ததில்லை. எப்போதும் சுயமதிப்பீட்டுப் படிவத்தில் 5 போடும் நான், நேர்மையாக இருப்போமே என்று இந்த முறை 3தான் போட்டேன் (என் கணவர் தம் அலுவலகப் படிவத்தில் 5 போட்டுக்கொண்டார், அது வேறு விஷயம்). ஆனால் என்னைக் கேட்காமலே வாடிக்கையாளர்களை மாற்றியதை மறக்க முடியவில்லை. அவளைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கிவைத்த அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஒரே குழந்தையின் தாயும் தந்தையும் தங்கள் வேலைக்கு மதிப்பெண் போடுகிறார்கள். ஒருவருக்கு 5, மற்றவருக்கு 3. ஓர் அறிக்கையும் தாமதமாகவில்லை என்றால், அந்த இரண்டு மதிப்பெண்கள் எதற்காகக் குறைந்தன?

உங்களுக்கு நேர்ந்தது அநீதிதான். அதில் எனக்கு ஐயமில்லை. டென்மார்க்கின் வருமானப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், முதல் குழந்தைக்குப் பிறகு தாயின் வருமானம் தந்தையினுடையதைவிட நெடுங்காலத்துக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு பின்தங்குவதையும், தந்தையின் வருமானம் அசையாமல் இருப்பதையும் கண்டார்கள். அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், தகுதிகள் சமமாக இருந்த கற்பனை விண்ணப்பங்களைப் பார்த்தவர்கள், தாய் என்று தெரிந்த பெண்களைத் திறமை குறைந்தவர்களாக எண்ணிக் குறைந்த தொடக்கச் சம்பளத்தைப் பரிந்துரைத்தார்கள். தந்தையருக்கு அந்த இழப்பு நேரவில்லை. அங்கே மதிப்பிட்டவர்கள் முன்பின் அறியாதவர்கள். உங்கள் படிவத்தில் எழுதியதோ உங்கள் கை.

கசந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெண்மீது கோபப்படுவது உங்களுக்கு எளிதாக இருக்கிறது. ஒன்பது மணிவரை உட்கார்ந்திருப்பதே உழைப்பு என்ற அளவுகோல் அவள் உருவாக்கியதல்ல. அதை நம்பித்தான் நீங்களும் 3 போட்டீர்கள். பறிபோன வாடிக்கையாளர்களைத் திரும்பக் கேட்டதாகவும் கடிதத்தில் எங்கும் இல்லை.

அந்த 3-ஐ நம்பிக்கொண்டிருக்கும்போது வேலையை விடும் முடிவை எடுக்காதீர்கள். இரண்டு ஆண்டுகளில் முடித்த அறிக்கைகளைத் தேதிவாரியாக எழுதிக்கொண்டு மேலாளரைப் பாருங்கள். அதற்கு முன், 5 என்று எழுதியபோது மகளின் நினைவு ஒரு கணமாவது வந்ததா என்று கணவரிடம் கேட்டுப்பாருங்கள்.