கதை ஒன்றே என்று தெரிந்தும் தெருநடனப் படங்களின் அடுத்தடுத்த பாகங்களை இளைஞர்கள் ஏன் பார்க்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் 'ஸ்டெப் அப்' என்ற ஹாலிவுட் பட வரிசையை மனத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார். வசதியற்ற ஒருவர், வசதியான ஒருவர், இருவருக்கும் நடுவே ஒரு நடனக் குழு, கடைசியில் ஒரு போட்டி. பாகத்துக்குப் பாகம் இதே கதைதான் எனும்போது எதற்காக இவற்றை விடாமல் பார்க்கிறார்கள் என்பது அவருடைய ஐயம். பள்ளி நாள்களிலிருந்து இந்தப் படங்களை விரும்பிப் பார்த்துவருபவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மற்றப் படங்களில் நாயகனுக்குப் பின்னால் ஆடுகிறவர்களுக்கு இந்தப் படங்களில் பெயர் இருக்கிறது. ஆட்டத்தின் அழகும் காதலும் இசையும் அதற்குப் பிறகு வருபவைதான்.

நம் பாடல் காட்சிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறச் சட்டையில் முப்பது நாற்பது பேர் ஆடுவார்கள். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் வாடகை அறையில் தங்கி, நடனக் கலைஞர் யூனியன் கார்டுக்காகக் காத்திருந்து, மாஸ்டர் எண்ணத் தொடங்கியதும் உயிரைக் கொடுத்து ஆடுகிறவர்கள் அவர்கள். மூன்றாம் வரிசையில் நிற்பவர் நாயகனைவிட நன்றாக ஆடினாலும் அவர் யார் என்று நமக்குத் தெரியப்போவதில்லை. பிரபுதேவாவும் 1988-இல் 'அக்னி நட்சத்திரம்' படத்தில் பின்னணியில் ஆடியவர்தான்; 1993-இல் 'ஜென்டில்மேன்' படத்தின் 'சிக்கு புக்கு ரயிலே' பாடலில் எல்லாருடைய கண்ணிலும் பட்டு, மறு ஆண்டே 'காதலன்' படத்தின் நாயகனானார். அப்பா சுந்தரம் மாஸ்டர் என்ற பின்புலம் அவருக்கு இருந்தது உண்மையே. ஆயினும் சென்னைப் பையன்கள் அவரைத் தங்கள் ஆளாக எண்ணியதற்கு அவருடைய வேகம் பாதிக் காரணம் என்றால், பின்வரிசையிலிருந்து ஒருவர் முன்னால் வந்துவிட்டார் என்ற மகிழ்ச்சி மீதிக் காரணம் என்பேன். தெருநடனப் படம் அந்த ஒரு நகர்வையே முழுக் கதையாக எடுத்துக்கொள்கிறது. அதுவும் ஒருவருக்காக மட்டுமின்றிக் குழு முழுவதற்குமாக.

2006-இல் வந்த முதல் 'ஸ்டெப் அப்' படத்தில், பால்டிமோர் நகரத்துக் கலைப்பள்ளி ஒன்றின் அரங்கைச் சேதப்படுத்திய இளைஞனுக்கு 200 மணி நேரச் சமூக சேவை தண்டனையாக விதிக்கப்படுகிறது. துப்புரவு வேலை செய்ய வந்த இடத்தில்தான் அவன் ஆட்டம் கண்டுகொள்ளப்படுகிறது. இந்த வகைப் படங்களில் துடைப்பத்துக்கு ஒரு தனி இடமே உண்டு. 1984-இல் வந்த 'பிரேக்கின்' படத்தில் கடை வாசலைக் கூட்டும் இளைஞன், கூட்டுகிற வேலையிலிருந்து ஆட்டத்துக்கு எப்போது மாறினான் என்று கண்டுபிடிக்க முடியாதபடி மாறுவான். கால்கள் நடப்பதுபோல் அசையும், உடல் மட்டும் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். துடைப்பம் சாய்ந்து, விழாமல் நின்று, ஒரு கணம் அவன் கையை விட்டு அந்தரத்தில் மிதப்பதுபோல் தோன்றும். அந்தக் காட்சியில் எதிராளியும் இல்லை, கைதட்டுபவரும் இல்லை. கூலி வேலை செய்யும் ஓர் உடல் தனக்காக ஆடிக்கொள்ளும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே அந்தப் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். அதன் இரண்டாம் பாகமும் அதே 1984-இலேயே வெளிவந்துவிட்டது என்பதைப் பார்த்தால், அடுத்த பாகத்துக்கான அவசரம் இந்தப் படங்களுக்குப் புதிதில்லை என்பது விளங்கும்.

போட்டி ஏன் எல்லாப் படத்திலும் வருகிறது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1958-இல் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடிய ஆட்டத்தையும், நடுவில் வீரப்பா சொன்ன 'சபாஷ், சரியான போட்டி' என்பதையும் இன்றைக்கும் வீட்டில் மூன்று தலைமுறையும் சேர்ந்து ரசிக்கிறது. தெருநடனத்திலோ போட்டி என்பது படத்துக்காகச் சேர்க்கப்பட்ட அலங்காரமே இல்லை. அந்த ஆட்டமே அப்படிப் பிறந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973-இல் டிஜே கூல் ஹெர்க், பாடலில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் இடத்தை இரண்டு இசைத்தட்டுகளைக் கொண்டு நீட்டிக்கொண்டே போக, அந்த நீட்டிப்பில் வட்டத்துக்குள் இறங்கி ஆடியவர்களிடமிருந்து வளர்ந்ததுதான் பிரேக்கிங். ஒருவர் ஆடி முடித்து விலகியதும் அவருக்குப் பதில் சொல்ல அடுத்தவர் இறங்க வேண்டும். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ இறுதி ஊர்வலத்தில் மேளத்துக்கு முன்னால் தானாகவே ஒரு வட்டம் உருவாகி, ஒவ்வொருவராக உள்ளே போய்க் குத்தாட்டம் போட்டுவிட்டு வெளியே வருவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, பிராங்க்ஸ் வட்டத்தின் விதிகளை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இனி, அடுத்தடுத்த பாகங்களைப் பற்றி. நம் ஊரில் இரண்டாம் பாகம் என்றால் அதே நாயகன் திரும்ப வருவார். 'ஸ்டெப் அப்' அப்படிச் செய்யவில்லை. முதல் படத்தின் நாயகன் சானிங் டாட்டம் 2008-இல் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் ஒரு முறை ஆடிவிட்டு விடைபெற்றுக்கொள்கிறார். அதே படத்தில் சுருட்டை முடியோடு ஒல்லியாக, காதல் நாயகனுக்கு உரிய எந்த இலட்சணமும் இல்லாமல் வரும் மூஸ் என்ற துணைப் பாத்திரம், 2010-இல் வந்த மூன்றாம் பாகத்தில் கதையின் மையத்துக்கே வந்துவிடுகிறது. பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வரும் அந்த நகர்வு, ஒரு படத்துக்குள் மட்டும் நிற்காமல் பாகத்திலிருந்து பாகத்துக்கும் நடக்கிறது. மூஸாக நடித்த ஆடம் செவானி, நியூயார்க் தெரு ஒன்றில் தோழியோடு பழைய ஹாலிவுட் நடன நடிகர் ஃபிரெட் அஸ்டயரின் பாடலுக்கு ஆடும் காட்சி வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுக்கப்பட்டது. முப்பரிமாணத்துக்காக எதையெல்லாமோ நம் முகத்துக்கு நேரே நீட்டும் அந்தப் படத்தில், இருவர் நடைபாதையில் ஆடிக்கொண்டே போவதுதான் மனத்தில் நிற்கிறது.

பார்த்ததைச் செய்து பார்க்கும் ஆசையும் சாதாரணமானதன்று. பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடியில் பையன்கள் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்துக்கொண்டு, கைப்பேசியில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்து, முழங்கையை வயிற்றோரம் ஊன்றி, உடல் எடையைக் கைகளின்மீது ஏற்றி, தலை தரையைத் தொட்டும் தொடாமலும் அப்படியே உறைந்து நிற்க முயல்வார்கள். பேபி ஃபிரீஸ் என்று அதற்குப் பெயர். கட்டணம் கட்டிச் சேரும் வகுப்போ, வெளிநாட்டுக் காலணியோ அதற்கு வேண்டியதில்லை. சிராய்த்த முழங்கை ஆறினால் போதும்.

குறைகளும் உண்டு. கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் உருவாக்கிய ஆட்டத்தைச் சொல்லும் படத்தில் நாயக இடம் பெரும்பாலும் வெள்ளையருக்கே போய்ச் சேர்ந்தது எனக்குப் பெரிய வருத்தம். வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களின் கதையிலும் மறுப்பு தொடர்கிறது. விறுவிறுப்பு என்ற பெயரில் நொடிக்கொரு வெட்டு வைத்துக் காலையும் முகத்தையும் தனித்தனியே காட்டும்போது, முழு உடலையும் பார்க்க வந்தவனுக்கு எதுவும் கிடைப்பதில்லை. பிரபுதேவா நடித்து 2013-இல் வந்த 'ஏபிசிடி' இந்தியாவுக்கான முயற்சி. அதுவும் மும்பைக் கதை. வடசென்னையின் குழு ஒன்றை, அதன் மேளத்தோடும் வட்டத்தோடும் எனக்கு நிறைவு தரும்படி யாரும் இன்னும் எடுக்கவில்லை.

புதிதாகப் பார்ப்பவர் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்கலாம். போட்டி உள்ளரங்கிலிருந்து தெருவுக்கு வந்துவிட, கொட்டும் மழையில் ஒதுக்கப்பட்ட மாணவர்கள் ஆடும் முடிவுக் காட்சி இந்த வரிசையிலேயே சிறந்தது. பிறகு மூன்றாம் பாகம். மயாமியில் நடக்கும் நான்காவதை, நெரிசல் நிறைந்த சாலையில் கார்களின் மேலேறி ஆடும் தொடக்கக் காட்சிக்காகப் பார்க்கலாம்; அதன் காதல் கதையில் சரக்கு இல்லை. 2014-இல் வந்த ஐந்தாவதை மட்டும் கடைசிக்கு வையுங்கள். பழைய பாகங்களின் ஆட்டக்காரர்கள் லாஸ் வேகாஸில் ஒன்றுசேர்வதுதான் அதன் கதை என்பதால், முந்தைய படங்களில் அவர்களைப் பழகியவர்களுக்கே அது சுவைக்கும்.