சும்மா நிற்பவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றாக மேடையேறிவரும் ஒரு நகைச்சுவை இணையைச் சென்ற வாரம் அப்பாவுடன் நேரில் சென்று பார்த்தேன். எல்லாமே பதிவுகளில் பலமுறை பார்த்த துணுக்குகள். ஒருவர் இரண்டு இடங்களில் வசனம் மறந்து தடுமாறினார். மற்றவர் சும்மா நிற்கிறார், நடுநடுவே கேள்வி கேட்கிறார், அவ்வளவுதான். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. வயதான கலைஞர்களை அவர்களுடைய நல்ல காலத்துப் பதிவுகளில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லதல்லவா? பழையதையே திரும்ப நடிப்பது ரசிகரை ஏமாற்றுவதல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பழைய துணுக்குகளைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஹாலிவுட் படங்களில் புகழ்பெற்ற நகைச்சுவை இணையான லாரலும் ஹார்டியும் 1947இல் பிரிட்டனுக்குச் சென்று, ஓட்டுநர் உரிமத்தை வைத்து எழுதப்பட்ட ஒரே குறுநாடகத்தை மாதக்கணக்கில் அரங்கம் அரங்கமாக நடித்தார்கள். அவர்களைத் திரையில் பார்த்துப் பழகியவர்கள்தான் அந்த அரங்குகளை நிரப்பினார்கள். புதிய துணுக்கு வேண்டுமென்றால் புதியவர்களிடம் போகலாம். நாற்பது ஆண்டு இணையிடம் போகிறவர் வேறொன்றுக்காகப் போகிறார். உங்கள் அப்பாவுக்கு அது தெரிந்திருக்கிறது. அவர் சிரித்ததை நீங்கள் கவனித்து எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் 'சும்மா நிற்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சில நாட்களாக நான் அந்த மனிதரைப் பற்றித்தான், அதாவது எல்லா இரட்டையர்களிலும் சிரிக்கவைக்காமல் நிற்கும் அந்த ஒருவரைப் பற்றித்தான், யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு மணி நேரம் அவர் எதிரில் அமர்ந்திருந்தும் அவர் செய்த வேலையை நீங்கள் பார்க்கவில்லை. பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கேமராவும் அதைத்தான் காட்டும் என்பதால் பதிவுகளும் உங்களை அப்படியே பழக்கியிருக்கின்றன.

அபாட், காஸ்டெல்லோ என்ற அமெரிக்க நகைச்சுவை இணையில் காஸ்டெல்லோதான் உருண்டு விழுந்து சிரிக்கவைத்தவர். ஆனால் தொடக்க காலத்தில் அவர்களுடைய வருமானத்தில் நூற்றுக்கு 60 பங்கு அபாட்டுக்கும் 40 பங்கு காஸ்டெல்லோவுக்கும் போயிற்று. சிரிக்கவைப்பவரை எப்படியும் தேடிப் பிடித்துவிடலாம், அவருக்கு ஈடுகொடுத்து நிற்பவர் கிடைப்பதுதான் அரிது என்பது அன்றைய மேடைத் தொழிலில் இருந்தவர்களின் கணக்கு. புகழ் வந்தபின் அந்தப் பங்கு தலைகீழாக மாறியது வேறு கதை. 1938இல் வானொலி வழியாக நாடெங்கும் பரவிய அவர்களுடைய பேஸ்பால் உரையாடலில், ஆட்டக்காரர்களின் பெயர்களே 'யார்', 'என்ன' என்றிருப்பதால் குழப்பம் முற்றிக்கொண்டே போகும். அதில் அபாட் ஒரு நொடிகூடத் தான் வேடிக்கையாக எதையும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை. சாதாரணமான பதிலைச் சொல்லும் எரிச்சலோடுதான் பேசுகிறார். அந்த எரிச்சலில் ஓர் இழை தளர்ந்தால் காஸ்டெல்லோவின் தவிப்புக்குக் காரணமே இல்லாமல் போய்விடும். வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுபவர் இடம் தவறினால் கதை சொல்பவர் எவ்வளவு பெரிய புலவராக இருந்தாலும் நொண்டியடிப்பது போலத்தான் இதுவும்.

நான் இளைஞனாக இருந்தபோது, ஓர் இணையின் நிகழ்ச்சியை மேடையின் பக்கவாட்டு இருக்கையிலிருந்து பார்த்தேன். தொலைந்த குடையைப் பற்றி ஒருவர் புகார் கொடுக்க வருகிறார், அதிகாரி அதை எழுதிக்கொள்கிறார், இவ்வளவுதான் நாடகம். முன்பே பார்த்திருந்ததால் அதன் வரிசை எனக்குத் தெரியும். குடை மைத்துனருடையது என்று முதலிலேயே சொன்னால்தான் கடைசிச் சிரிப்புக்கு அர்த்தம் இருக்கும். அன்று புகார் கொடுப்பவர் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். அதிகாரி எழுதுவதை நிறுத்தி, பேனாவை மேசைமேல் வைத்து, அவரை மேலும் கீழும் பார்த்து, "குடை உம்முடையதுதானா?" என்று கேட்டார். நாடகத்தில் இல்லாத கேள்வி அது. எதிரே நின்றவரின் கண்களில் ஒரு கணம் நன்றி தெரிந்தது. மறுகணமே, "இல்லைங்க, மைத்துனருடையது" என்றார். அரங்கம் அதற்கே சிரித்தது. கடைசியில் வரவேண்டிய சிரிப்பும் தவறாமல் வந்தது. ஒரு தவறு நடந்ததும் அது சரிசெய்யப்பட்டதும் அரங்கத்தில் பெரும்பாலோருக்குத் தெரியவே இல்லை.

நீங்கள் பார்த்த நிகழ்ச்சியில் ஒருவர் இரண்டு முறை தடுமாறினார் என்கிறீர்கள். மற்றவர் அப்போது என்ன செய்தார்? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாடகம் நின்றுவிடவில்லை என்றால் அதை யாரோ தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளில் அவர் கற்றுக்கொண்டதன் உச்சம் அந்த இரண்டு இடங்களில்தான் இருந்திருக்கும். நீங்களோ அவற்றைக் குறைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள்.

பதிவா, நேரிலா என்று கேட்டிருந்தீர்கள். லாரலும் ஹார்டியும் தங்கள் படங்களை முன்கூட்டியே பார்வையாளர்களுக்குத் திரையிட்டு, அவர்கள் எங்கே எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ப இடைவெளி விட்டுத் தொகுத்தார்கள். ஹார்டி நம்மை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த நீண்ட பார்வை அரங்கத்தின் சிரிப்புக்காக விடப்பட்ட இடம். தனியாக அமர்ந்து பார்க்கிறவருக்கு அது வெறும் தாமதமாகத் தெரியும். மேடையிலோ அந்த இடைவெளியை ஒவ்வொரு இரவும் புதிதாக அளக்க வேண்டும். அளப்பவர் பெரும்பாலும் நீங்கள் சும்மா நிற்பதாகச் சொல்லும் அந்த மனிதர். சிரிப்பு இறங்கத் தொடங்கி, முழுவதும் அடங்குவதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்கிறாரே, அந்தக் கணத்தை எந்தப் பதிவும் உங்களுக்குக் கற்றுத்தராது.

வயதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஹார்டி 1957இல் இறந்தபின் லாரல் ஏழரை ஆண்டுகள் உயிரோடு இருந்தார். நடிக்க வந்த அழைப்புகளை மறுத்துவிட்டார். ஆனால் இருவருக்குமான துணுக்குகளை எழுதுவதை நிறுத்தவில்லை. நீங்கள் பார்த்த இருவரும் இன்னும் ஒருவர் எதிரில் ஒருவர் நிற்கிறார்கள். அவர்கள் மறுபடி மேடையேறும்போது அப்பாவை அழைத்துக்கொண்டு போங்கள். பேசாதவர் நிற்கும் பக்கமாக இருக்கை கேளுங்கள். முதல் அரை மணி நேரம் அவரை மட்டும் பார்த்துவிட்டு, கண்டதை எனக்கு எழுதுங்கள்.