கேட்டதும் சொன்னதும்: ஓட்டு, கைரேகை, துப்பாக்கி

ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?
– கல்லூரி மாணவர், காட்பாடி

தம்பி, உங்கள் பக்கத்து வேலூர்த் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலில் பணப்பட்டுவாடா புகாரால் வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்கள். ஆகஸ்ட் 5-ஆம் தேதிதான் வரிசையில் நின்றோம். பத்து லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டதில் வித்தியாசம் வெறும் 8,141. கட்டாயம் போய்ப் போடுங்கள்.

ரேஷன் கடை மெஷின் என் மாமியாரின் விரலை ஏற்கவே மாட்டேன் என்கிறது. யாருக்காக இதையெல்லாம் செய்கிறார்கள்?
– இல்லத்தரசி, குடியாத்தம்

மாமியார் பீடி சுற்றியவரா அம்மா? என் தாயார் நாற்பது வருஷம் சுற்றினார்கள். முறத்தை மடியில் வைத்து, இலையில் தூளைப் போட்டு உருட்டி, நுனியை மடக்கி, நூலைக் கட்டுவார்கள். அத்தனையும் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும்தான்.

போன மாதம் அவர்களோடு கடைக்குப் போயிருந்தேன். விரலை வைத்தார்கள், எடுக்கவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். ஐந்தாவது தடவைக்கு அப்புறம் "அடுத்தவங்க வாங்க" என்று குரல் வந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் ஏதாவது தப்பா வச்சிட்டனாப்பா?" என்றார்கள். எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது.

தப்பு அந்த விரலில் இல்லை. பீடி சுற்றுகிறவர், கொத்தனார், தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பில் கை வைக்கிறவர் என்று ரேகை தேய்ந்தவர்கள் நம் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கருவிழி, ஓடிபி, அதுவும் முடியாவிட்டால் கையெழுத்து என்று மாற்று வழி கடையிலேயே தயாராக இருக்க வேண்டும். அதற்காக யாரிடமும் கெஞ்ச வைக்கக் கூடாது.

ஓட்டு மெஷினைப் பாருங்கள். சின்னத்துக்கு நேராக ஒரு நீல பட்டன், பக்கத்தில் பிரெய்ல் எண், அழுத்தியதும் பீப் சத்தம், ஏழு விநாடி கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு. படிக்கத் தெரியாத என் அம்மா, துணைக்கு ஆள் இல்லாமல் போட்டுவிட்டு வருகிறார்கள்.

அமெரிக்காவில் துப்பாக்கி விற்கச் சட்டமே இல்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒடுகத்தூர்

இருக்கிறது ஐயா. 1993-இல் வந்த பிராடி சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்த்தாக வேண்டும். ஆனால் தனி ஆள் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்றால் மத்தியச் சட்டம் அதைக் கேட்பதில்லை. சில மாநிலங்கள் மட்டும் கேட்கின்றன. அதைவிட என்னை உறுத்துவது வேறு. மூன்று வேலை நாளுக்குள் அந்தச் சரிபார்ப்புக்குப் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் அப்படித்தான் வாங்கினான். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நம் 1959 ஆயுதச் சட்டத்தில் 21 வயது ஆகியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை, கலெக்டர் உரிமம் எல்லாம் முடிந்த பிறகுதான் கடை வாசலுக்கே போக முடியும். ஜவ்வாது மலைப் பக்கம் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபடுவதும் உண்டுதான், மறைக்கவில்லை.

என் தாத்தாவிடம் உரிமத் துப்பாக்கி இருந்தது, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி விரட்ட. தேர்தல் அறிவித்ததும் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துப் போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். திரும்பக் கிடைக்கும் வரை ராத்திரியெல்லாம் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு காவல் இருப்பார். அந்தச் சிரமத்தைச் சட்டம் அவரிடம் கேட்டது நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.