மலைவீட்டுக் கூரையில் மைக்ரோ இன்வெர்ட்டர்: கேள்வி பதில்

மின்பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு இப்போது கோத்தகிரியில் ஓய்வில் இருக்கிறேன். என் வீட்டுத் தகரக் கூரையில் ஆறு சோலார் பேனல்களும் அவற்றின் அடியில் ஆறு மைக்ரோ இன்வெர்ட்டர்களும் மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்குகின்றன. இதைக் கேள்விப்பட்டு நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பொருளை மாற்றவில்லை.

குன்னூர், பள்ளி ஆசிரியை: எங்கள் வீட்டில் பேட்டரி வைத்த இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருக்கிறது. மைக்ரோ இன்வெர்ட்டர் என்பது அதன் சிறிய வடிவமா?

பதில்: இல்லை, அம்மா. நம் ஊரில் கரண்ட் போனால் விளக்கெரிய வைக்கும் பெட்டியை 'இன்வெர்ட்டர்' என்று சொல்லிப் பழகிவிட்டதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அது உண்மையில் ஒரு யூ.பி.எஸ். மைக்ரோ இன்வெர்ட்டரில் பேட்டரியே கிடையாது. ஒவ்வொரு பேனலின் அடியிலும் ஒரு தடித்த புத்தகம் அளவில் பொருத்தப்பட்டு, அந்தப் பேனல் தரும் நாற்பது வோல்ட் அளவிலான டி.சி. மின்சாரத்தை அங்கேயே 230 வோல்ட் ஏ.சி.யாக மாற்றி, மின்வாரிய லைனின் அலையோடு அலையாக இணைத்துவிடுவதே அதன் வேலை. வீட்டில் அந்த நேரத்தில் தேவைப்படுவது போக மிஞ்சியது, இருவழி மீட்டர் வழியாக வெளியே போய்க் கணக்கில் சேரும்.

உதகை, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்: சென்ற ஆடியில் கற்பூர மரம் விழுந்து எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மறுநாள் நல்ல வெயில் அடித்தும் பேனல்கள் ஒரு பல்பைக்கூட எரிய வைக்கவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: பொருளில் குறையில்லை, வாங்கும் முன் இதை அவர் சொல்லியிருக்க வேண்டும் என்பது மட்டும் உண்மை. மைக்ரோ இன்வெர்ட்டர் போல மின்வாரிய லைனோடு இணைந்தே ஓடும் 'கிரிட் டை' இன்வெர்ட்டர் தானாக ஒரு மின்னலையை உருவாக்குவதில்லை. லைனில் வரும் அலையைப் பார்த்து அதன் பின்னால் நடக்கும். லைன் செத்தால் அதுவும் உடனே நின்றுவிட வேண்டும் என்பது விதி. இந்தப் பாதுகாப்புக்கான சோதனை முறையை ஐ.எஸ். 16169 என்ற இந்தியத் தரநிலை வகுத்திருக்கிறது. காரணத்தை நீங்களே கண்முன் நிறுத்திப் பாருங்கள். விழுந்த மரத்தை அறுத்துவிட்டு, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டோம் என்ற நம்பிக்கையில் லைன்மேன் கம்பியில் கை வைக்கும்போது, உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் வந்து, டிரான்ஸ்பார்மரில் பின்புறமாக ஏறி 11,000 வோல்ட்டாக அவரைச் சேரக்கூடும்.

கரண்ட் திரும்பி வந்ததும் இன்வெர்ட்டர் உடனே ஓடாமல் இருப்பதைப் பார்த்தும் சிலர் பயப்படுகிறார்கள். வோல்ட்டேஜும் ஃபிரீக்வென்சியும் நிலைத்த பிறகு குறைந்தது 60 வினாடி பொறுத்தே அது மறுபடி இணைய வேண்டும். பழுது அல்ல.

மின்வெட்டுக்காக மட்டும் சோலார் தேடுகிறவர் மைக்ரோ இன்வெர்ட்டரை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அதே நண்பர், தொடர்ந்து: அப்படியானால் யூ.பி.எஸ். வெளியீட்டில் மைக்ரோ இன்வெர்ட்டரை இணைத்து, லைன் இருப்பதுபோல் அதை நம்ப வைக்கலாமா?

பதில்: இந்த யோசனை எல்லோருக்கும் வருகிறது, எனக்கும் வந்தது. செய்யாதீர்கள். வீட்டு யூ.பி.எஸ்.களில் பல சதுர அலை தருபவை. அதை மைக்ரோ இன்வெர்ட்டர் லைன் என்று ஏற்காது. லைனில் வருவது போன்ற வளைவான சைன் அலை தரும் யூ.பி.எஸ். என்றால் ஏற்கக்கூடும், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் இரண்டு விளக்கு மட்டும் எரிய, கூரையில் இரண்டு கிலோவாட் உற்பத்தியானால், மிஞ்சிய மின்சாரம் யூ.பி.எஸ்.ஸின் வெளியீட்டு வழியாகவே உள்ளே நுழையும். அதைக் கட்டுப்படுத்தி வாங்கிக்கொள்ளும் அமைப்பு சாதாரண யூ.பி.எஸ்.ஸில் இல்லாததால், பேட்டரி கட்டுக்கு மீறிச் சார்ஜாகும், அல்லது உள்ளே மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்ற பாகங்கள் வெடிக்கும். இதற்கென்றே செய்யப்பட்ட ஹைபிரிட் இன்வெர்ட்டர்கள் உண்டு. பேட்டரி நிரம்பியதும் அவை ஃபிரீக்வென்சியைச் சற்று உயர்த்தும், அதைக் கண்டு மைக்ரோ இன்வெர்ட்டர்கள் உற்பத்தியைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். இரண்டு தயாரிப்பாளர்களும் எழுத்தில் ஒப்புக்கொண்ட இணைகளை மட்டுமே அப்படிச் சேர்க்க வேண்டும்.

கொடைக்கானல், விருந்தினர் இல்லம் நடத்துபவர்: எங்களிடம் டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. அது ஓடும்போது சோலாரும் சேர்ந்து ஓடினால் டீசல் மிச்சமாகுமே?

பதில்: வேண்டாம், மேலே சொன்ன காரணமேதான். சுமை குறைந்த நேரத்தில் சோலார் ஜெனரேட்டரையே பின்னோக்கித் தள்ளும். மைக்ரோ இன்வெர்ட்டர் வரும் கம்பி, சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்கு முன்னால், மின்வாரியப் பக்கத்தில் சேர வேண்டும். அப்போது ஜெனரேட்டருக்கு மாற்றியதும் சோலார் தானாகவே விலகிவிடும். உங்கள் எலெக்ட்ரீஷியன் டி.பி. என்ற மின்பங்கீட்டுப் பெட்டியில் காலியாக இருந்த எம்.சி.பி.யில் (சுமை மீறினால் தானே விழும் சுவிட்சில்) சேர்த்துவிட்டுப் போயிருந்தால், இன்றே அதை அணைத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.

கோத்தகிரி, தேயிலை விவசாயி: ஒரே பெரிய இன்வெர்ட்டர் போட்டால் மலிவாக முடிகிறது. பேனலுக்கு ஒன்று என்று ஏன் செலவழிக்க வேண்டும்?

பதில்: நிழலே விழாத, ஒரே திசை பார்த்த கூரை உங்களுக்கு இருந்தால் செலவழிக்க வேண்டாம். ஸ்டிரிங் இன்வெர்ட்டர் எனப்படும் ஒற்றைப் பெட்டியே போதும். பழுது வந்தாலும் கூரை ஏறாமல் சரிசெய்யலாம்.

நம் மலையில் அப்படிப்பட்ட கூரை அரிது. வீட்டைச் சுற்றிச் சில்வர் ஓக், மேலே புகைக்கூண்டு, கிழக்கே ஒரு சரிவு, மேற்கே ஒரு சரிவு, எதிரே மூன்றரை மணிக்கே சூரியனை மறைத்துவிடும் மலைமுகடு என்றுதான் இருக்கிறது. ஸ்டிரிங் அமைப்பில் பேனல்கள் ஒரே சங்கிலியாக இருப்பதால் எல்லாவற்றிலும் ஒரே அளவு மின்னோட்டம் ஓடியாக வேண்டும். ஒன்று நிழலில் மாட்டினால் சங்கிலி முழுவதும் அதன் பாதிப்பை உணரும். 'ஓர் இலை விழுந்தால் எல்லாப் பேனலும் செத்துவிடும்' என்று விற்பனையாளர்கள் சொல்வது மிகை. பேனலுக்குள் இருக்கும் பைபாஸ் டயோடுகள் நிழல்பட்ட பகுதியைத் தாண்டிச் செல்ல வழிவிடுவதால், இழப்பு அவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனால் வெவ்வேறு சரிவுகளில், வெவ்வேறு நேரத்தில் நிழல்படும் பேனல்களை ஒரே சங்கிலியில் கோத்தால் இழப்பு நாள்தோறும் தொடரும்.

என் கூரையில் ஜனவரி மாதப் பிற்பகலில் சில்வர் ஓக்கின் நிழல் ஐந்தாவது பேனலில் ஏறும்போது, கைப்பேசித் திரையில் அந்த ஒரு கட்டம் மட்டும் 290 வாட்டிலிருந்து 60க்கு இறங்குவதையும் மற்ற ஐந்தும் அசையாமல் நிற்பதையும் தேநீர் குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். காலையில் வானம் தெளிந்திருந்து பிற்பகலில் மஞ்சு இறங்கும் இடங்களில், சில பேனல்களைத் தயங்காமல் கிழக்குச் சரிவில் போடலாம். அந்தச் சுதந்திரத்துக்குத்தான் நாம் கூடுதல் விலை கொடுக்கிறோம். இன்னொன்றும் உண்டு: பத்துப் பேனல் சங்கிலியில் நானூறு, ஐந்நூறு வோல்ட் டி.சி. கூரையில் ஓடும், மைக்ரோ இன்வெர்ட்டரில் அது இல்லை. தீப்பிடிக்கும் பயம் உள்ள, மரச்சட்டமும் பலகை உள்கூரையும் கொண்ட பழைய பங்களாக்களுக்கு இதை நான் பெரிய காரணமாகவே கருதுகிறேன்.

கூடலூர், மருந்துக்கடைக்காரர்: எங்கள் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலையே பார்ப்பதில்லை. மைக்ரோ இன்வெர்ட்டர் மஞ்சிலும் கூடுதலாகத் தருமா?

பதில்: தராது. மஞ்சு மூடினால் எல்லாப் பேனலுக்கும் ஒரே மங்கலான ஒளிதான் கிடைக்கிறது. நிழல் என்ற வேறுபாடே இல்லாதபோது மைக்ரோ இன்வெர்ட்டரின் சிறப்பும் இல்லை. சமவெளியில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் என்று போடும் கணக்கை உங்கள் பக்கத்துத் தேவாலாவுக்கும் பந்தலூருக்கும் அப்படியே போடுகிறவரிடம் வாங்காதீர்கள்.

உதகை, தலைக்குந்தா அருகிலிருந்து: உறைபனி இன்வெர்ட்டரைக் கெடுக்குமா?

பதில்: குளிர் மின்னணுப் பொருள்களுக்கு நல்லதே. சமவெளியில் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதித்துப் பத்து விழுக்காட்டுக்கும் மேல் திறனை இழக்கும் வேளையில், நம் பேனல்கள் குளிர்ந்து நின்று கூடுதலாகத் தருகின்றன. கவனிக்க வேண்டியது வோல்ட்டேஜ். குளிர்ந்தால் பேனலின் வோல்ட்டேஜ் உயரும். 540 வாட் அளவிலான பேனலின் திறந்த சுற்று வோல்ட்டேஜ் (சுமை எதுவும் இழுக்காதபோது இருப்பது) 25 டிகிரியில் ஏறக்குறைய 50 என்றால், ஒரு டிகிரி குறைய 0.27 விழுக்காடு என்ற கணக்கில், பூச்சியம் டிகிரிக் காலையில் முதல் வெயில் படும்போது அது 53ஐத் தாண்டும். 60 வோல்ட் வரை தாங்கும் மைக்ரோ இன்வெர்ட்டருக்கு இதனால் ஒன்றுமில்லை. பழைய, சிறிய பேனல்களுக்கென்று செய்த 48 வோல்ட் எல்லையுள்ள மாதிரி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி இந்தப் பேனலில் மாட்டினால், அது முதல் மார்கழியைத் தாண்டாது.

இரண்டாவது, உயரம். பல மின்சாதனங்களின் காப்பு இடைவெளிகள் கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் வரை என்று வைத்தே வடிவமைக்கப்படுகின்றன. குன்னூரும் கோத்தகிரியும் அதற்குள் அடங்கும். உதகையும் கொடைக்கானலும் அதற்கு மேலே இருக்கின்றன. மெலிந்த காற்று மின்சாரம் தாவுவதைக் குறைவாகவே தடுக்கும், வெப்பத்தையும் குறைவாகவே எடுத்துச் செல்லும். ஆகவே வாங்கும் முன் விவரத்தாளில் 'இயங்கும் உயரம்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்து பொருத்துகிறவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு அது தேவைப்பட்டதில்லை.

பேனலில் படிந்த உறைபனியைக் கரைக்க வெந்நீர் ஊற்ற வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும். வெயில் வந்து அரை மணியில் தானே போய்விடும்.

குன்னூர், பொறியியல் மாணவர்: 540 வாட் பேனலுக்கு 450 வாட் மைக்ரோ இன்வெர்ட்டர் தருகிறார்கள். 90 வாட் வீண்தானே?

பதில்: தம்பி, பேனலின் மேல் எழுதியுள்ள வாட் ஆய்வுக்கூடத்து அளவு. உச்சிவெயிலிலும் அது முழுதாக வருவது சில நிமிடங்கள்தான். தெளிந்த நாளின் உச்சிவேளையிலும், மேகம் விலகும் தருணத்தில் வரும் துள்ளலிலும் சிறிது வெட்டுப்படும், அவ்வளவே. மானியத்தில் மட்டும் இது உறைக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும், ஆக 78,000 வரை கிடைக்கிறது. பேனல், இன்வெர்ட்டர் இரண்டில் குறைந்த திறனையே கணக்கில் எடுப்பதால், ஆறு பேனல் 3.24 கிலோவாட்டாக இருந்தாலும், ஆறு இன்வெர்ட்டர் 2.7 தான். மூன்று கிலோவாட்டுக்குக் குறைகிற அந்த 0.3 கிலோவாட்டுக்கு 5,400 ரூபாய் குறையும். பேனல்கள் இந்தியாவில் செய்த செல்களைக் கொண்டவையாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கொடைக்கானல், இல்லத்தரசி: இணையத்தில் வாங்கிய மைக்ரோ இன்வெர்ட்டரை என் தம்பி சுவர் பிளக்கில் செருகிவிட்டான். கரண்ட் பில் குறையும் என்று பார்த்தால் கூடிவிட்டது.

பதில்: பழைய ஒருவழி மின்னணு மீட்டர்களில் பல, மின்சாரம் எந்தத் திசையில் ஓடினாலும் அதை நுகர்வாகவே கூட்டும். மீட்டரைத் திருப்பிக் கட்டித் திருடுவதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. நண்பகலில் வெளியே தள்ளியதற்கெல்லாம் நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள். அதைவிட முக்கியமான ஒன்று: 16 ஆம்பியர் எம்.சி.பி. காக்கும் கம்பியில் பிளக் வழியாக இன்னும் சில ஆம்பியர் நுழைந்தால், அந்தக் கம்பி 16க்கு மேல் சுமந்தாலும் எம்.சி.பி.க்குத் தெரியாது. கழற்றி வையுங்கள், மின்வாரியத்தில் முறைப்படி விண்ணப்பித்து, இருவழி மீட்டர் வந்த பிறகு, டி.பி.யில் தனி எம்.சி.பி. போட்டு இணைக்கலாம்.

கோத்தகிரி, மலர் வளர்ப்பவர்: பசுமைக்குடில் ஷெட்டின் மேல் 3 கிலோவாட் போட்டிருக்கிறோம். வெயில் நன்றாக அடிக்கும் பகலில்தான் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது.

பதில்: ஷெட்டிலிருந்து வீட்டு மீட்டர் வரை எவ்வளவு தூரம், என்ன கம்பி என்று கேட்டு எழுதினேன்; 60 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் என்று பதில் வந்தது. வியாதி அதுதான். லைன் வோல்ட்டேஜ் 184க்குக் கீழே போனாலும் 253க்கு மேலே போனாலும் இன்வெர்ட்டர் விலக வேண்டும். 3 கிலோவாட் என்பது 13 ஆம்பியர். போக வர 120 மீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை ஏறக்குறைய 0.9 ஓம், ஆக ஷெட்டில் வோல்ட்டேஜ் மீட்டரைவிடப் பன்னிரண்டு வோல்ட் கூடுதலாக நிற்கும். வீட்டில் 243 இருந்தாலே ஷெட்டில் 255. உற்பத்தி கூடக்கூட இது கூடுவதால்தான் நல்ல வெயிலில் நிற்கிறது. 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் உயர்வு ஐந்து வோல்ட்டுக்குள் அடங்கும்.

உதகை, அஞ்சல் ஊழியர்: மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது. பக்கத்து வீட்டார் குரங்கு வேலை என்கிறார்.

பதில்: அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஈரத்தில் மட்டும் விழுகிறதென்றால் எங்கோ கம்பியின் தோல் உரிந்திருக்கிறது, அல்லது கனெக்டர் முழுதாகப் பூட்டாமல் நீர் இறங்கியிருக்கிறது. டி.பி.யில் சோலார் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, ஏ.சி. கம்பியில் ஒவ்வொரு மைக்ரோ இன்வெர்ட்டராகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் எம்.சி.பி.யை மறுபடி போட்டுப் பாருங்கள். எதைக் கழற்றியபின் ஆர்.சி.சி.பி. விழாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. மழை நிற்கும் வரை கூரையில் ஏறாதீர்கள். பாசி பிடித்த தகரம் வழுக்கும். பேனலுக்கும் கூரைக்கும் நடுவே தொங்கும் கம்பியைக் குரங்கு ஊஞ்சலாகத்தான் பார்க்கும். பிளாஸ்டிக் கட்டுகளை அவை பற்களால் அறுத்துவிட்டதால், என் கூரையில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாகத் துருப்பிடிக்காத எஃகுக் கட்டுகளால் கம்பிகளைச் சட்டத்தோடு இறுக்கி, பேனல்களின் நாலாபுறமும் வலை அடித்திருக்கிறேன். ஒரு வருடமாக ஆர்.சி.சி.பி. விழவில்லை.