சர்க்கரை நோட்டும் லாட்ஜ் லேகியமும்

கேள்வி: எனக்கு வயது 36. என் கணவருக்கு 42. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. ஒரு வருடமாக என் அருகில் வருவதே இல்லை. கேட்டால் எரிந்து விழுகிறார். போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது, பெயர் ஒட்டாத மூன்று லேகிய டப்பாக்களும் ஒரு பொடிப் பொட்டலமும் கிடைத்தன. மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரிடம் வாங்கினாராம். ‘நரம்புத் தளர்ச்சி, இன்னும் ஒரு மண்டலம் சாப்பிட வேண்டும்’ என்று அந்த வைத்தியர் சொல்லியிருக்கிறார். தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கி இதுவரை 18,000 ரூபாய் கொடுத்தாகிவிட்டது. பெரியாஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால், ‘இதைப் போய் அங்கே சொல்லவா?’ என்கிறார். அவருடைய சர்க்கரை மாத்திரையைக்கூட நான்தான் மாதாமாதம் போய் வாங்கி வருகிறேன். என்னிடம்தான் ஏதும் குறையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களிடம் குறை இருப்பதாகச் சொல்ல உங்கள் கடிதத்தில் ஒரு காரணமும் இல்லை. நான் நின்று படித்தது அதற்கு முந்தைய வரியைத்தான். நோயாளி வீட்டில் இருக்க, அவருடைய நோட்டு மட்டும் மருத்துவமனைக்குப் போய்வருகிறது. கணவரின் சர்க்கரை நோட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் நிற்பதும், மருத்துவர் முந்தைய மாதத்து மாத்திரையையே திரும்ப எழுதிக் கொடுப்பதும் நம் ஊர்களில் சாதாரணக் காட்சி. உங்கள் கணவரின் ரத்தத்தில் இன்று சர்க்கரை எவ்வளவு என்பதை யாராவது கடைசியாக எப்போது பார்த்தார்கள்?

அதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இதயத்தின் தமனிகள் 3 முதல் 4 மில்லிமீட்டர். கட்டுப்படாத சர்க்கரையும் கொழுப்பும் ரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது, சிறிய குழாய் முதலில் தடுமாறுகிறது. நரம்புகளும் கூடவே பழுதடைகின்றன. ஆகவே விறைப்புக் குறைபாடு, நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடும் எச்சரிக்கையாகவும் இருக்கக்கூடும். மன உளைச்சல், கடன், இரவு ஷிப்ட், மது, புகை, சில ரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவையும் காரணமாகலாம்; எது என்று பரிசோதித்தால்தான் தெரியும். அவருக்கு மட்டும் வந்த விபரீதமும் அல்ல இது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டிய பகுதிகளில் 40 முதல் 70 வயது வரையுள்ள 1,290 ஆண்களிடம் கேட்டு, 1994-இல் வெளியான ஆய்வில், 52 சதவீதத்தினர் ஏதோ ஓர் அளவில் இந்தக் குறை இருப்பதாகச் சொன்னார்கள்.

அப்படியென்றால் அவர் ஏன் லாட்ஜுக்குப் போனார்? அவரைத் திட்டுவதற்கு முன் அந்த அறையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தறி நின்ற பிறகு, இரவு எட்டு மணிக்கும் போகலாம். சீட்டு வாங்கும் வரிசை இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, ‘உட்காருங்க தம்பி, பயப்படாதீங்க’ என்று ஒருவர் அரை மணி நேரம் கேட்கிறார். அரசு மருத்துவமனையிலோ காலை வேளையில், பத்துப் பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அன்றைய கூலியும் போய்விடும். வசதி உள்ளவர் கோவையிலோ சென்னையிலோ சிறப்பு மருத்துவரிடம் நேரம் குறித்துக்கொண்டு, மூடிய அறையில் பேசிவிட்டு வருகிறார். ரகசியம் என்பது நம்மிடம் காசுக்கு விற்கும் பண்டமாகிவிட்டதால், அதன் மலிவான போலியை உங்கள் கணவர் கடன்பட்டு வாங்கியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவரிடம் போகாமல் தாங்கிக்கொள்வதே ஆண்கள் தங்கள் ஆண்மையை நிரூபிக்கும் வழிகளில் ஒன்றாகிவிடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் வில் கோர்ட்னே 2000-இல் எழுதினார். அது சரிதான், ஆனால் பாதி உண்மை. போக நினைக்கும் ஆணுக்கு நம் சுகாதார நிலையங்களில் எந்தக் கதவு இருக்கிறது? தாய் சேய் நலத்துக்குப் பலகை உண்டு, குடும்ப நலத்துக்கு உண்டு. அந்தக் குடும்ப நலத்திலும் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம். பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையத்தில் இதையும் கேட்கலாம் என்றாலும், அதன் வாசலில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பலர் திரும்பிவிடுகிறார்கள்.

‘நரம்புத் தளர்ச்சி’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். விந்து வீணானால் உடல் உருகிவிடும் என்ற அச்சத்தோடு வரும் இளைஞர்களைக் கண்டு, மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-இல் இதற்குத் ‘தாது நோய்க்குறி’ என்று பெயரிட்டார். இது நம் நாட்டு மூடநம்பிக்கை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சுவிட்சர்லாந்தின் டிஸ்ஸோ என்ற மருத்துவர் 1760-லேயே இதே பயத்தை ஐரோப்பா முழுவதும் பரப்பினார். பயத்தை முதலில் விற்று, பிறகு மருந்தை விற்பதுதான் இந்தத் தொழில். மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் குறித்த 1954-ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி, நீரிழிவு ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் ஒவ்வொன்றும் அந்தச் சட்டத்தின் மீதுதான் ஒட்டப்பட்டிருக்கிறது. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. பதிவு பெற்ற சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள், அவர்கள் பெயர் ஒட்டாத டப்பாவைக் கொடுப்பதில்லை.

இனி செய்ய வேண்டியது. ‘அந்த விஷயத்துக்கு’ என்று கூப்பிடாதீர்கள். சர்க்கரைக்கு என்று கூப்பிடுங்கள், அதுவும் பொய்யல்ல. ஆள் வந்தால்தான் மாத்திரை என்கிறார்கள் என்று சொன்னாலும் தவறில்லை. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, ரத்த அழுத்தம், கொழுப்பு, ஈசிஜி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், ‘சர்க்கரை 8 வருடம், விறைப்புக் குறைபாடு 1 வருடம், லாட்ஜ் மருந்து சாப்பிட்டேன்’ என்று ஒரு துண்டுச் சீட்டில் அவரே எழுதி, நோட்டுக்குள் வைத்து நீட்டட்டும். மருத்துவருக்கு அது போதும். அந்த நேரம் நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது நல்லது.

டப்பாக்களைக் கோபத்தில் சாக்கடையில் கொட்டிவிட வேண்டாம். அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒன்றை மருத்துவரிடம் காட்டுங்கள். மூலிகை என்று விற்கப்படும் இத்தகைய பொடிகளில் விறைப்புக்குக் கொடுக்கும் சில்டெனாபில் என்ற ஆங்கில மருந்து ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அது உடலில் இருக்கும்போது, நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையைக் கொடுத்தால், ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும். எனவே அவரை எப்போதாவது நெஞ்சுவலியோடு தூக்கிக்கொண்டு ஓட நேர்ந்தால், அவர் முறைத்தாலும் சரி, இந்தப் பொடியைப் பற்றித்தான் நீங்கள் முதலில் சொல்ல வேண்டும்.