பூனைக்கு ரேபிஸ் ஊசி போட்ட காலில் கட்டி: காத்திருக்கலாமா?

உங்கள் பூனைக்கு ஊசி போட்டு மூன்று வாரம்தான் ஆகிறது, காலில் வந்த கட்டியும் பட்டாணி அளவுதான் என்பதால் இப்போதைக்குக் காத்திருக்கலாம். பெரும்பாலும் இது தடுப்பூசிக்கு உடல் காட்டும் எதிர்வினை, தானாகக் கரையும். அழுத்தித் தேய்க்காதீர்கள்.

வாராவாரம் ஸ்கேல் வைத்து அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். 3 மாதம் ஆகியும் இருந்தாலோ, 2 செ.மீ.க்கு மேல் போனாலோ, ஊசி போட்டு 1 மாதத்துக்குப் பிறகும் வளர்ந்தாலோ, கால்நடை டாக்டரிடம் சொல்லிச் சதைத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வருவது மிக அரிது. ஆனால் வந்தால் சுற்றியுள்ள சதைக்குள் ஆழமாகப் பரவும். பிடரியில் போடாமல் காலில் போடுவதே அதற்காகத்தான், அறுவை சிகிச்சைக்கு வசதி.

சூடு, சீழ், சாப்பிடாமல் கிடப்பது என்றால் அன்றே போங்கள். அப்புறம், இதற்குப் பயந்து அடுத்த ரேபிஸ் ஊசியைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.