ரீச்சரிடம் கேளுங்கள்: தண்டவாளத்தில் இடறும் பந்து

கடந்த இதழில், வேறு எதையோ விளக்க வந்த இடத்தில், "நானும் மாலை வேளைகளில் கணினியில் பந்து உருட்டுகிறேன்" என்று எழுதிவிட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவைதான். கடந்தகால வினாத்தாள் விடைகளைக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீச்சர், பாலன்ஸ் விளையாட்டில் இரண்டு தண்டவாளம் போட்ட இடத்தை மூன்று கிழமையாகத் தாண்ட முடியவில்லை. மரப் பந்து பாதி வழியில் விழுந்துவிடுகிறது. பழுது விசைப்பலகையிலா, என் கையிலா?
— உயர்தர மாணவர், விசுவமடு

கையில்தான் தம்பி.

மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி. பாலன்ஸ் 2004 இல் ஜெர்மனியின் சைபரேட் நிறுவனம் உருவாக்கி, அட்டாரி வெளியிட்ட விளையாட்டு. வானத்தில் தொங்கும் ஒடுங்கிய பாதையில் ஒரு பந்தை விழாமல் உருட்டிக்கொண்டு போக வேண்டும். பந்து இடத்துக்கு இடம் மரமாக, கல்லாக, கடதாசியாக மாறும். கல் பாரமான பெட்டிகளைத் தள்ளும். கடதாசியை விசிறிக் காற்று மேலே தூக்கிவிடும். சுடுவதற்கு ஆளில்லை, துரத்துவதற்குப் பேயுமில்லை. எதிரி புவியீர்ப்பு மட்டும்தான்.

இனி உமது தண்டவாளம். விசைப்பலகை என்று பெயர் வைத்தவர் இந்த விளையாட்டை நினைத்துத்தான் வைத்தாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். மற்ற விளையாட்டுகளில் அம்புக்குறியை அழுத்தினால் ஆள் நடப்பான், விட்டால் நிற்பான். அங்கே அம்புக்குறி கொடுப்பது வேகம். இங்கே அது கொடுப்பது விசை. விரலை எடுத்தால் விசை நிற்கும், பந்து நிற்காது. வலப்பக்கம் சாய்கிற பந்தை நீர் என்ன செய்கிறீர்? இடது அம்புக்குறியை அழுத்திப் பிடிக்கிறீர். பந்து நடுவுக்கு வந்ததும் "அப்பாடா" என்று விரலை எடுக்கிறீர். ஆனால் நடுவுக்கு வந்த பந்து அதற்குள் இடப்பக்கம் போகும் வேகத்தைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. மறுபக்கத்தால் விழுகிறது. பந்து நடுவுக்கு வரும் முன்பே விரலை எடுத்து, எதிர் அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டும். அழுத்த வேண்டாம், தட்டும். ரொட்டி மாவில் உப்புப் போடுகிற அளவுதான்.

இன்னொன்று. பார்வைக் கோணம் பாதைக்கு நேராக இருக்க வேண்டும். ஷிப்டை அழுத்திக்கொண்டு இடது வலது அம்புக்குறியைத் தட்டினால் பார்வை திரும்பும். அதைத் திருப்பாமல் குறுக்காக நின்று தள்ளுவது, வண்டிலின் பக்கத்தில் நின்று மாட்டை ஓட்டுவது போல.

தண்டவாளத்தில் பந்து ஏன் வேறு மாதிரி ஓடுகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். பழைய சைக்கிள் சில்லின் கம்பிகள் இரண்டை 13 மில்லிமீற்றர் இடைவெளியில் சமாந்தரமாக ஒரு பலகையில் கட்டி, பலகையின் ஒரு பக்கத்தைச் சற்று உயர்த்தி வையும். 16 மில்லிமீற்றர் விட்டமுள்ள போளையொன்றை (கண்ணாடிக் கோலிக்குண்டு) மேலே விடும். தரையில் அந்தப் போளை ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் போகும். கம்பிகளுக்கிடையில் அது பதிந்து இருப்பதால், தொடும் இடத்திலிருந்து அச்சுக்குள்ள தூரம் 8 மில்லிமீற்றர் அல்ல, ஐந்துக்கும் குறைவு. அதனால் ஒரு சுற்றுக்கு 30 மில்லிமீற்றர் அளவே நகரும். சுழற்சி அதிகம், பயணம் குறைவு. கணக்கை நீர் செய்து பாரும்: திண்மக் கோளம் சாய்தளத்தில் உருளும்போது ஆர்முடுகல், அதாவது வேகம் கூடும் வீதம், உராய்வின்றி வழுக்கும் பொருளினதில் ஏழில் ஐந்து பங்கு. இந்தக் கம்பிகளின் மேல் அது பாதிக்கும் சற்றுக் கீழே குறைகிறது. மிச்சம் எங்கே போனது? சுழற்சிக்குள்.

வேடிக்கை கம்பி முடிகிற இடத்தில்தான். போளை பலகையைத் தொட்டதும், சேர்த்து வைத்த சுழற்சி அதை முன்னுக்குத் தள்ளும். வேகம் ஐந்தில் ஒரு பங்களவு கூடும். முதல் முறை பார்த்தபோது யாரோ பின்னாலிருந்து சுண்டிவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். விளையாட்டிலும் தண்டவாளம் முடிந்து பலகையில் இறங்கும் இடத்தில் முன் அம்புக்குறியிலிருந்து விரலை எடுத்துவிடும்.

மகன் இந்த வருடம் சாதாரண தரம் எழுத வேண்டியவன். பந்து விளையாட்டை வைத்துக்கொண்டு "விஞ்ஞானம் படிக்கிறேன் அம்மா" என்கிறான். நம்பலாமா ரீச்சர்?
— ஒரு தாய், முள்ளியவளை

நம்ப வேண்டாம் தங்கச்சி. அவன் விளையாடுகிறான். விளையாடுவதற்குப் பொய்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று அவனிடம் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலம் விளையாட்டு என்றே பெயர் வைத்து விளையாடட்டும்.

படிக்கிறானா என்று அறிய ஒரு கேள்வி போதும். ஒரே சரிவில் கல் பந்தையும் மரப் பந்தையும் ஒன்றாக விட்டால் எது முதலில் கீழே வரும்? "கல்" என்றால் கணினியை மூடிவிட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். இரண்டும் ஒன்றாகத்தான் வரும். நிரம்பிய பந்தானால் திணிவும் பருமனும் கணக்கிலிருந்து வெட்டுப்பட்டுப் போய்விடும்.

இதை நான் பலகையில் எழுதி நம்பவைத்தவள் அல்ல. போர் முடிந்து 2010 இல் நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது வகுப்பு தகரக் கொட்டகையில் நடந்தது. ஆய்வுகூடம் என்று ஒன்றுமில்லை. கழன்று கிடந்த கதவொன்றை இரண்டு செங்கல்லில் சாய்த்து, லொறிப் பெயாரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டையும் ஒரு போளையையும் விட்டோம். பிள்ளைகள் அனைவரும் இரும்பின் மேல் பந்தயம் கட்டினார்கள். இரண்டும் ஒன்றாக வந்து சுவரில் இடித்தன. ஒரு பெண் பிள்ளை எழுந்து, "ரீச்சர், நீங்கள் போளையை முதலில் விட்டீர்கள்" என்றாள். பத்து முறை அவளையே விடச் சொன்னேன். பிறகு மேசைப் பந்தைக் கொண்டுவந்தோம். அது பின்தங்கியது. உள்ளே வெறுமை, திணிவு முழுவதும் ஓட்டில். அப்படிப்பட்ட பந்தைச் சுழற்றுவது கடினம், ஆர்முடுகல் ஐந்தில் மூன்று பங்குதான்.

கலிலியோவிடமும் பெரிய ஆய்வுகூடம் இருக்கவில்லை. 12 முழ மரச் சட்டத்தில் தவாளிப்பு வெட்டி, வெண்கலக் குண்டை உருட்டி, ஒழுகும் தண்ணீரை நிறுத்து நேரம் அளந்ததாக 1638 இல் வெளியான நூலில் எழுதியிருக்கிறார். கதவு இருந்தால் போதும் தங்கச்சி.

பழைய கணினி, இணையமும் மெதுவு. காசு கொடுக்காமல் விளையாடக்கூடியது ஏதாவது உண்டா?
— பூநகரி வாசகர்

நெவர்போல். 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல விளையாட்டு, பழைய இயந்திரத்திலும் ஓடும். ஒரு வித்தியாசம்: இங்கே பந்தைத் தள்ளுவதில்லை, தரையைச் சாய்ப்பீர்கள். சுவீடனின் பிரியோ நிறுவனம் 1946 முதல் விற்ற மரப் பெட்டி விளையாட்டின் வழி வந்தது இந்தக் குடும்பம். அந்தப் பெட்டியில் இரண்டு குமிழைத் திருகிப் பலகையைச் சாய்த்து, குழிகளில் விழாமல் குண்டை நடத்த வேண்டும். தரையைச் சாய்க்கும் விளையாட்டில் எனக்குத் தலை சுற்றுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மின்சாரம் போய்வரும் ஊர் என்றால் சிறிய கட்டங்கள் உள்ளதாகப் பார்த்து விளையாடுங்கள். பாலன்ஸில் கட்டத்தின் நடுவில் மின்சாரம் போனால் அந்தக் கட்டத்தைத் தொடக்கத்திலிருந்துதான் உருட்ட வேண்டும். நான் ஒரே இடத்தை நான்கு இரவு உருட்டியிருக்கிறேன்.

வேகமாகப் போன பந்து சில விளையாட்டுகளில் சுவரை ஊடுருவிப் போய்விடுகிறதே, ஏன்?
— ஒட்டுசுட்டான் மாணவி

கணினி பந்தைத் தொடர்ந்து பார்ப்பதில்லை பிள்ளை. செக்கனுக்கு 60 தடவை என்பது போலக் கண் திறந்து, பந்து எங்கே என்று கணித்து, மறுபடி கண் மூடுகிறது. செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் போகும் பந்து, இரண்டு பார்வைக்கிடையில் 10 சென்ரிமீற்றர் நகரும். சிறிய பந்து, சுவரின் தடிப்பும் 2 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள். ஒரு பார்வையில் பந்து சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்த பார்வையில் அந்தப் பக்கம். இடித்த கணத்தைக் கணினி காணவே இல்லை. வவுனியா பஸ்ஸில் கனகராயன்குளத்தில் கண்ணயர்ந்து முறிகண்டியில் தேங்காய் உடைக்கும் சத்தத்தில் விழித்தவருக்கு இடையில் வந்த மாங்குளம் எங்கே? நல்ல விளையாட்டுகள் இரண்டு பார்வைக்கிடையில் போன வழியையும் சேர்த்துச் சோதிக்கும்.

நாங்கள் நுங்குக் கோம்பையில் வண்டில் செய்து உருட்டினோம். கண்ணாடிக்குள் பந்து உருட்டுவதில் என்ன இருக்கிறது பிள்ளை?
— எழுபது வயது வாசகர், புதுக்குடியிருப்பு

அண்ணை, உங்கள் வண்டிலை ஒரு விளையாட்டிலும் நான் காணவில்லை. கோம்பை சரியான வட்டமில்லை, இரண்டு கோம்பையும் ஒரே பருமனுமில்லை. அதனால் வண்டில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். கவைத்தடியை எப்போதும் மறுபக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். மணலில் ஒரு பிடி, கிரவல் வீதியில் வேறு பிடி. 1984 இல் மார்பிள் மேட்னஸ் என்ற விளையாட்டைச் செய்த மார்க் செர்னி அதற்கு ஆறே ஆறு ஓட்டங்கள் வைத்தார், ஐந்தாவதில் பந்து மேட்டில் ஏறித்தான் போகும். கோம்பை வண்டில் உருட்டிய பிள்ளைக்கு அதுகூட ஒரு வாரத்தில் பழகிவிடும்.

என் அண்ணன் செய்த வண்டிலில் தடி என் தோள் உயரத்துக்கு இருந்தது. பேரனுக்கு நான் செய்து கொடுத்ததில் தடி குட்டையாகி, அவன் கூனிக்கொண்டு ஓடுகிறான். வைகாசிக்குள், வற்றாப்பளைப் பொங்கலுக்கு நாங்கள் அந்தப் பக்கம் வரும் முன், தடி எவ்வளவு நீளம், கோம்பையை எத்தனை நாள் காயவிட வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள்.